சிகரத்துக்கு ஆறடி கீழே

நியூஜீலாந்தின் வடதீவில், மேற்குக் கடற்கரையோரமாக, நியூ பிளிமத் என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரார் தங்கள் மலையைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வேடிக்கை சொல்வார்கள். மலை கண்ணுக்குத் தெரிந்தால் மழை வரப் போகிறது என்று அர்த்தமாம்; தெரியாவிட்டால் மழை பெய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். நாங்கள் போய் இறங்கிய அன்று மாலை மழையும் இல்லை, மலையும் இல்லை. ஊருக்குத் தெற்கே ஆகாயத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பொதி மட்டும் உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளேதான் மலை இருக்கிறது என்று எங்கள் மருமான் சத்தியம் செய்தான்.

மருமான் ஆக்லாந்து நகரத்தில் இஞ்சினீயராக இருக்கிறவன். அவனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டுப் போன எங்களை, "ஒரே ஒரு நாள், மாமா! காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம்" என்று சொல்லி, அவன் இதில் மாட்டிவிட்டான். வீட்டு அம்மாள் அடிவாரத்து விடுதியில் புத்தகம் படித்துக்கொண்டிருப்பது என்றுதான் முதலில் ஏற்பாடு. ஆனால் அன்றிரவு அவர், "திருப்பதி மலையைக் காலால் ஏறியிருக்கிறேன், இது என்ன அதைவிடப் பெரிதா?" என்று கேட்டார். பெரிதுதான் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே கோஷ்டி மூவராயிற்று.

மலையின் பெயர் தாரநாக்கி. உயரம் 8,261 அடி. நேயர்கள் உடனே கணக்குப் பார்த்து, நம் நீலகிரியிலுள்ள தொட்டபெட்டா இதைவிட உயரமாயிற்றே என்பார்கள். வாஸ்தவம்; தொட்டபெட்டா 8,650 அடி. ஆனால் உதகமண்டலமே ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து மோட்டாரில் உச்சி வரையில் போய், வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடலாம். தாரநாக்கி அப்படியன்று. கடல் மட்டத்தை ஒட்டிய பசும்புல் சமவெளியிலிருந்து, பக்கத்துணை அதிகமின்றி, ஒரே கோபுரமாக எழும்பி நிற்கிறது. வடிவத்தில் ஜப்பானியரின் பூஜி மலைக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். 2003-ல் வெளிவந்த 'கடைசி சாமுராய்' என்ற ஹாலிவுட் படத்தில் இந்த மலைதான் ஜப்பானிய மலையாக வேஷம் கட்டியது.

இது எரிமலை. சுமார் இருநூறு ஆண்டுகளாக உறங்குகிறது, செத்துவிடவில்லை. ஆனால் இதில் உயிரிழந்தவர்களுக்கு நெருப்புக் காரணம் அன்று. கடலுக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு உயரம் எழும்பி நிற்பதால், ஈரக்காற்று வந்து மோதின சிறிது நேரத்துக்குள் வெயில் மூடுபனியாகவும், மூடுபனி உறைபனியாகவும் மாறிவிடும். பாறை மேல் பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்டால் கால் வைத்தவர் கீழே போய்ச் சேர வேண்டியதுதான். 1953-ம் வருஷம் ஜூலை மாதம் ஒரே விபத்தில் ஆறு பேர் மாண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டால் எண்பது பேருக்கு மேல். பனிக்கோடாரியும் கயிறுமின்றி நம் போன்றவர்கள் ஏறக்கூடியது கோடைகாலத்துச் சில மாதங்களில் மட்டுமே. நாங்கள் போனது 2025 பிப்ரவரி. அந்நாட்டில் அது நல்ல கோடை.

மோட்டார் பாதை மலையின் வடபுறத்தில், ஏறக்குறைய 3,100 அடி உயரத்தில், முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சிகரம் போய்வர எட்டு மைல் தூரமே. ஆனால் அந்த நாலு மைலுக்குள் ஐயாயிரம் அடி ஏறியாக வேண்டும். எட்டு முதல் பத்து மணி நேரம் என்று பலகையில் எழுதியிருந்தது. விடியுமுன் ஐந்தரை மணிக்கு, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். கட்டுச் சாதம் புளியோதரை. அதற்குமேல் தண்ணீர், கம்பளிச் சட்டை, மழைச் சட்டை. மருமான் ஒரு நிபந்தனை விதித்தான். "மணி ஒன்று அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி." ஒப்புக்கொண்டோம்.

ஆரம்பத்தில் காடு. கமாஹி என்னும் மரங்கள் முறுகிக் கோணி, அடிமுதல் நுனிவரையில் பாசி போர்த்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் ஏதோ பூதகணங்கள் கைகளை நீட்டி நிற்பது போலத் தோன்றின. அவ்வூராரும் இதைப் பூதக்காடு என்றே அழைக்கிறார்கள். இந்தக் காடு சிகரத்தை மையமாக வைத்து ஆறு மைல் ஆரத்தில் வட்டமாக வரையப்பட்டது; 1881-ல் அந்த வட்டத்தை வெட்டாத காடாக ஒதுக்கினார்கள். வட்டத்துக்கு வெளியே இன்று ஒரே பால்பண்ணைப் புல்வெளி. ஆகாயத்திலிருந்து பார்த்தால், வெளிர்பச்சை ஜமக்காளத்தில் கரும்பச்சை வட்டத் தட்டை வைத்தாற்போல் இருக்கிறது.

காடு முடிந்ததும் ஒரு சரளைப் பாதை செங்குத்தாக ஏறுகிறது. அதன் ஒரு பகுதிக்கு 'மூச்சு வாங்கி' என்று பொருள்படும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் பொய் சொல்லாதவர். ஐயாயிரம் அடி உயரத்தில் மலையேறும் சங்கத்தாருடைய தஹுராங்கி விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. கீழே சமவெளி முழுவதும் வெயில். அதற்கு அப்பால் கடல். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டே, மருமான் அந்த மலையின் வழக்கைச் சொன்னான். மலைக்கு என்ன வழக்கு என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய வழக்குத்தான்.

1770 ஜனவரியில் காப்டன் குக் கப்பலில் போகிற போக்கில் இந்த மலையைப் பார்த்தார். பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பதவியில் முன்பு இருந்த எக்மண்ட் பிரபுவின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போய்விட்டார். பிரபு மலையைப் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு பிரெஞ்சு மாலுமி, குக் வந்து போனது தெரியாமல், தம் கப்பலின் பெயரை வைத்தார். மலையடிவாரத்தில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த மாவோரி மக்களை, இதற்கு என்ன பெயர் என்று இருவரும் கேட்கவில்லை. சிரிப்பு வருகிறது, ஆனால் அதிகம் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. இமயத்தின் முடிமணிக்கு 1865-ல் லண்டனில் கூடிச் சூட்டிய ஒரு சர்வேயரின் பெயரைத்தான் நாமும் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோம்.

அதே 1865-ல்தான் நியூஜீலாந்துக் காலனி சர்க்கார் தாரநாக்கிப் பிரதேசத்தில், ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் ஏக்கரை, கலகம் செய்தார்கள் என்று குற்றஞ் சாட்டி மாவோரிகளிடமிருந்து பறிமுதல் செய்தது. மலையும் அதோடு போயிற்று. 1978-ல் சட்டம் போட்டு மலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, தேசத்துக்கு நன்கொடையாக அதே சட்டத்தின் மூலம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்! வழக்குத் தீர்ந்தது நாங்கள் போவதற்குச் சில நாளைக்கு முன்னால்தான். 2025 ஜனவரி 30-ம் தேதி, பார்லிமெண்டில் எல்லாக் கட்சியும் ஒருமுகமாக நிறைவேற்றிய சட்டம், மலையை ஒரு நபர் என்று அங்கீகரித்தது. சர்க்கார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. எக்மண்ட் என்ற பெயர் போயிற்று. இனிமேல் மலைக்கு மலையே சொந்தக்காரர். மாவோரிப் பிரதிநிதிகளும் சர்க்கார் பிரதிநிதிகளும் சேர்ந்து அதன் சார்பில் பேசுவார்கள்.

மலை எப்படி நபராகும் என்று அங்கே சிலர் வியந்தார்களாம். வீட்டு அம்மாளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. "நம் ஊரில் சுவாமி பேரில் நிலமும் வழக்கும் இருக்கிறதே, அது போலத்தானே?" என்றார். சட்டப்படி முற்றிலும் சரி. நம் கோயில் மூர்த்திகளைக் கோர்ட்டுகள் சட்ட நபராக ஏற்றுக்கொண்டு வெகு காலமாகிறது.

விடுதிக்கு மேல் ஒரு பள்ளத்தாக்கு, அதன்பின் மரப்படிகள். எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம். படிகள் இருந்தவரையில் மரியாதையாக ஏறினோம் என்று சொல்லலாம். அவை முடிந்த இடத்தில் சரளைச் சரிவு ஆரம்பித்தது. அங்கேதான் எங்கள் கர்வமெல்லாம் கரைந்தது.

இந்த மலை ஒரே பாறையாக வளர்ந்ததன்று. ஒரு சமயம் நெருப்புக் குழம்பு வழிந்து உறையும். இன்னொரு சமயம் சாம்பலும் கல்லும் வந்து அதன்மேல் விழும். இப்படி அடுக்கடுக்காக ஏற்பட்ட கூம்பு. குளிர்காலத்தில் பாறை இடுக்கில் தண்ணீர் புகுந்து உறைந்து விரிவதால் பாறை பிளக்கிறது. பிளந்த துண்டுகள் சரிவெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. காலை ஊன்றினால் கால் போகாது, கல் போகும். ஜாண் ஏறினால் முழம் சறுக்கும் என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டோம். அது சற்று மிகை. முழம் ஏறினால் ஜாண்தான் சறுக்கியது. ஆனால் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் சறுக்கியது.

சரிவின் நடுவில் மேலேயிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள், தேங்காய் அளவுள்ள கல் ஒன்று துள்ளித் துள்ளி வந்தது. மருமான் மாமியின் தோள் பையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தான். கல் எங்களுக்கு மூன்று கஜ தூரத்தில் பறந்து கீழே மறைந்தது. எங்கேயோ வெகு ஆழத்தில் அது மோதிய சத்தம் நின்ற பிறகுதான் மூச்சு விட்டோம். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புடவைக்குப் பதிலாக அன்று உடுத்தியிருந்த சராயைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நட" என்றார்.

பிறகு 'பல்லி' வந்தது. ஏழாயிரம் அடி உயரத்தில், மலையோடு ஒட்டிக்கொண்ட பல்லியின் முதுகு போல் ஒரு பாறை விளிம்பு செங்குத்தாக மேலேறுகிறது. அதற்கு அப்படிப் பெயர். நம் பஞ்சாங்கத்தில் பல்லி நம்மேல் விழுந்தால் என்ன பலன் என்று அங்கம் அங்கமாகப் போட்டிருக்கிறது. நாம் பல்லியின்மேல் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. கையாலும் காலாலும் பற்றித்தான் ஏற முடிந்தது. பாதி ஏறியபோது மேற்கிலிருந்து மேகம் வந்து மூடிக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கை விரல்கள் விறைத்துவிட்டன.

திரும்பிவிடலாமா என்பது அப்போது வெறும் பேச்சாக இல்லை. இந்த மலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல நல்ல வெயிலில் புறப்பட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். மருமான் கடிகாரத்தைப் பார்த்தான், பதினொன்று ஐந்து. "கால் மணி பார்ப்போம், மாமா. விலகாவிட்டால் இறங்கிவிடுவோம்" என்றான். அந்தக் கால் மணியைப் போன்ற நீளமான கால் மணியை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. மூவரும் ஒரு பாறையோடு ஒண்டிக்கொண்டு புளியோதரை தின்றோம். குளிரில் நல்லெண்ணெய் இறுகியிருந்தது; ஆனாலும் அமிர்தமாக இருந்தது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் காற்றுத் திசை மாறிற்று. மேகம் திரை போலக் கிழிந்து, தலைக்கு மேலே நீலவானமும் எரிமலை வாயின் விளிம்பும் தெரிந்தன.

எரிமலை வாய் என்றதும் கொதிக்கும் குழம்பை நேயர்கள் எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே இருந்தது பனிக்கட்டி. கோடையிலும் அது முழுவதும் உருகுவதில்லையாம். அதன்மேல் ஜாக்கிரதையாக அடிவைத்துக் கடந்து, எதிர்ப்புறப் பாறைகளைப் பிடித்து ஏறினால் சிகரம். பன்னிரண்டரை மணிக்கு அங்கே நின்றோம்.

நின்றோம் என்று எழுதியது பிழை. சிகரத்துக்கு ஆறடி கீழே நின்றோம்.

மாவோரிகளுக்கு இந்த மலை அவர்களுடைய மூதாதை. சிகரம் அந்த மூதாதையின் தலை. தலை அவர்களுக்குத் தீண்டத்தகாத புனிதம், தாபு என்பார்கள். மலைக்குப் போகாதே என்று அவர்கள் யாரையும் தடுக்கவில்லை. உச்சிக்கல்லின் மேல் ஏறி நிற்க வேண்டாம், அங்கே சமைக்கவோ தங்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். 1839 டிசம்பர் 23-ம் தேதி டீபன்பாக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் ஹெபர்லி என்ற திமிங்கில வேட்டைக்காரரும் இச்சிகரத்தை அடைந்தார்கள். வெள்ளையர்களில் அவர்களே முதல்வர் என்று சரித்திரத்தில் பெயர் இருக்கிறது. வழிகாட்டி வந்த மாவோரிகள் உறைபனி தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்வார் அதிகம் இல்லை.

எங்களுக்கு முன் வந்தவர்களில் இருவர் உச்சிக்கல்லின் மேல் ஏறிக் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர், தோற்றத்தில் மாவோரி இளைஞர், கீழே ஒதுங்கி உட்கார்ந்து பாறையின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். யாரையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"மாமி, ஐயாயிரம் அடி ஏறி வந்துவிட்டு ஆறடியை விட்டுவிட்டா போவது? ஒரே ஒரு படம்!" என்றான் மருமான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பல்லியின் மேல் கால் மணி விறைத்திருந்தவனுக்கு அந்தக் கல்லின் மேல் ஓர் உரிமை உண்டு என்று எங்களுக்கே தோன்றியது.

அம்மாள் சிறிது யோசித்தார். "காரைக்கால் அம்மையார் கைலாசத்துக்கு எப்படிப் போனார், சொல்லு?" என்று கேட்டார்.

அவனுக்குத் தெரியவில்லை. ஆக்லாந்தில் சேக்கிழாருக்கு வேலை குறைவு. இறைவன் எழுந்தருளியுள்ள மலையைக் காலால் மிதிப்பதற்கு அஞ்சி, அம்மையார் தலையாலே நடந்து ஏறினார் என்ற பெரிய புராணக் கதையை, எட்டாயிரம் அடி உயரத்தில், மூச்சு இரைக்க இரைக்க, அவனுக்குச் சொன்னார். "நம்மால் தலையால் நடக்க முடியாது. காலையாவது ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளலாமே" என்று முடித்தார். பிறகு அந்தக் கல்லின் பக்கத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாவோரி இளைஞர் அதைப் பார்த்துப் புன்னகை செய்து, "கியா ஓரா" என்றார். மருமான் படப்பெட்டியைப் பையில் போட்டுவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

கிழக்கே வெகு தூரத்தில், மேகக்கடலுக்கு மேல், ருவாபெஹு முதலிய தீவின் நடு மலைகள் தெரிந்தன. தாரநாக்கியும் ஆதியில் அவற்றோடுதான் வசித்தானாம். பிஹங்கா என்னும் அழகிய மலைமகளுக்காகத் தொங்காரிரோ மலையோடு போர் செய்து தோற்று, மேற்கே ஓடி வந்தானாம். ஓடிய தடமே வாங்கானுயி என்ற நதி. இன்றும் அவளை நினைத்து அவன் அழும்போதுதான் மேகம் மூடுகிறதாம். பல்லியின் மேல் எங்களை விறைக்க வைத்தது அந்தக் கண்ணீர்தான் போலும்!

மேற்கே பார்த்தோம். அடிவாரத்துக்கும் கடலுக்கும் நடுவே, மேகம் விலகின இடத்தில், பச்சை வெளியும் சில கூரைகளும் தெரிந்தன. பரிஹாகா என்ற கிராமம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. பறிமுதலான நிலத்தைச் சர்க்கார் அளந்து குடியேறிகளுக்கு விற்க வந்தபோது, அவ்வூர்த் தலைவர்களான தே விட்டியும் தோஹுவும் துப்பாக்கி எடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். 1879 முதல் அவ்வூரார் ஏரைப் பூட்டிக்கொண்டு போய், குடியேறிகளின் வயல்களை உழுதார்கள். உழுதவர்களைக் கைது செய்தால் மறுநாள் வேறு சிலர் ஏரோடு வந்தார்கள். 1881 நவம்பர் 5-ம் தேதி ஏறக்குறைய 1,600 சிப்பாய்கள் கிராமத்தைச் சூழ்ந்தபோது, வாசலில் அவர்களை எதிர்கொண்டவர்கள் பாடும் குழந்தைகள். வந்தவர்களுக்கென்று ரொட்டி சுட்டு வைத்திருந்தது. பெரியவர்கள் மைதானத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர்களைப் பிடித்துப் போய் விசாரணையின்றியே தென்தீவில் வைத்திருந்தார்கள், வீடுகளை இடித்தார்கள், ஜனங்களைச் சிதற அடித்தார்கள். சர்க்கார் இதற்காக மன்னிப்புக் கேட்டது 2017-ல்.

1881-ல் மோகன்தாஸ் காந்தி பன்னிரண்டு வயதுப் பையன். ராஜகோட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அந்தத் திசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மருமானும் பேசவில்லை.

ஒரு மணி அடித்ததும் இறங்கத் தொடங்கினோம். இறக்கத்தைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை; ஏற்றத்தில் மூச்சு பட்ட பாட்டை இறக்கத்தில் முழங்கால்கள் பட்டன. சரளைச் சரிவில் அம்மாள் மூன்று தடவை உட்கார்ந்தே சறுக்கினார். நாங்கள் ஐந்து தடவை. மரப்படிகளைக் கண்டபோது பிறந்த ஊரைக் கண்டது போலிருந்தது. பூதக்காட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தே முக்கால். மோட்டாரில் ஏறி உட்கார்ந்தபோது ஆறு அடித்துவிட்டது. பலகையில் போட்டிருந்த பத்து மணி நேரம் எங்களுக்குப் பன்னிரண்டரை ஆயிற்று. அதில் கால் மணியைத் தாரநாக்கியின் கண்ணீர்க் கணக்கிலும் கால் மணியைக் காரைக்கால் அம்மையார் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம்.

அன்றிரவு மூவரும் எழுந்து நடக்கவில்லை. சுவரைப் பிடித்துத் தவழ்ந்தோம். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது மலை முழுவதும், அடி முதல் உச்சி வரையில், ஒரு துளி மேகமின்றித் தெரிந்தது.

மருமான் ஒன்றும் பேசாமல் மழைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.